இங்கிலீஷ்காரன் ஆம்பும் என் பெடலும்

என் கிட்டார் பொய்ச் சத்தம் போடுகிறது என்று ஒருவர் சொன்னார். எங்கள் பேண்டின் தலைவர்தான். கீபோர்டு வாசிப்பது, பாடுவது, கல்யாண வீட்டுக்காரர்களிடம் பேசி முடிப்பது எல்லாம் அவரே. நாலு பேர் முன்னால் சொன்னார். கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டு போகிற ஆள் நான் இல்லை.

அந்தப் பொய் எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி. காலால் மிதிப்பதால் பெடல். கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் அந்தக் காலத்து இங்கிலாந்து வால்வு ஆம்ப்கள் எப்படிச் சத்தம் போட்டனவோ, அதை அப்படியே கணக்குப் போட்டு இதற்குள் அடைத்திருக்கிறார்கள். பழைய ரேடியோவுக்குள் சூடாகிச் சிவந்து எரியுமே, அதே வால்வுதான். அசல் ஆம்பை முழுச் சத்தத்துக்குத் திருகினால்தான் அந்தக் கரகரப்பு வரும். திருகினால் தெருவே கூடிவிடும். நான் குடியிருப்பது முத்தியால்பேட்டையில், ஒரு மாடிப் போர்ஷன். என் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை தூங்குகிறது. லாஸ்பேட்டையில் கல்லூரி ஆபீஸ் வேலையை முடித்து, ஸ்கூட்டரில் வந்து, குக்கரை ஏற்றிவிட்டுத்தான் கிட்டாரைத் தொடுவேன். பெடலில் ஹெட்போனைச் செருகினால் என் காதுக்குள் மட்டும் ஆம்ப் கத்தும். நான் கிட்டார் பழகியதே அப்படித்தான். அது பொய் என்றால் என் விரல் நுனியில் காய்த்துப் போயிருப்பது என்ன, மருதாணியா?

எங்கள் ஊரில் கிறிஸ்தவ வீட்டுக் கல்யாணங்கள் ஜூலை, ஆகஸ்டில் குவியும். பிரான்ஸில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அப்போதுதான் லீவு. அந்த மாமனும் சித்தப்பாவும் வந்து இறங்காமல் இங்கே தாலி ஏறாது. கோயிலில் பூசை முடிந்து சாயங்காலம் விருந்தும் ஆட்டமும் நடக்கும். சுவாரே என்போம். பேண்டுக்கு வருஷத்தின் வேலையே அந்த இரண்டு மாதம்தான்.

அந்த வருஷம் தலைவரின் அக்கா மகன் பிரான்ஸிலிருந்து வந்தார். கூடவே அசல் இங்கிலீஷ் வால்வு ஆம்ப் ஒன்றும் வந்தது. நல்ல பிள்ளைதான், நன்றாகவே வாசிப்பார், அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கோபமெல்லாம் அவருடைய மாமனான எங்கள் தலைவர்மேல்தான். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரில் இங்கிலீஷ்காரன் பெட்டிக்கு அவர் கொடுத்த மரியாதை இருக்கிறதே! பட்டுத்துணி போட்டு மூடி வைத்தார்.

ஒத்திகையில் தலைவர் என் பெடலை வாங்கி, ஒயரை அவரே அந்த ஆம்பில் செருகினார்.

"அண்ணே, இத ஆம்ப்ல போடக்கூடாது. ஆம்ப், அதோட ஸ்பீக்கர் எல்லாத்தோட சத்தமும் இதுக்குள்ளயே இருக்கு. நேரா சவுண்ட்காரரோட மிக்ஸர்ல குடுக்கணும்" என்றேன்.

"சத்தம்னா சத்தம்தாம்மா. வாசி."

வாசித்தேன். வாயில் துணியை அடைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி வந்தது. வராமல் என்ன செய்யும்? ஆம்புக்குள் ஆம்பைப் போட்டால் அப்படித்தான். டிரம்ஸ்காரர் சிரித்தார், பேஸ் கிட்டார்காரர் மேற்கூரையைப் பார்த்தார். அப்போதுதான் தலைவர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"பாத்தியா, பொய்ச் சத்தம். இந்த சனிக்கிழமை பையன் வேளாங்கண்ணிக்குப் போறான், அதனால நீ வாசி. அடுத்த வாரத்துலேர்ந்து அவன் வாசிக்கட்டும். லீவு முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம்."

லீவு முடிந்தால் கல்யாணமும் முடிந்தது. சீசன் முழுக்க வீட்டில் குந்து என்கிறார். அதற்கப்புறம் என் இடத்தில் என்னைத் திரும்ப ஏற்றுவார் என்று நம்ப நான் என்ன பச்சைப் பிள்ளையா?

சனிக்கிழமை மண்டபத்துக்குப் போனதும் முதல் வேலையாக சவுண்ட் சர்வீஸ்காரரைப் பிடித்து, பெடலிலிருந்து நேராக மிக்ஸருக்கு ஒயர் போட வைத்தேன். தலைவர் முறைத்தார். "உன் இஷ்டம். ஆனா ஆம்ப் மேடையில இருக்கணும், லைட்டு எரியணும். பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன்" என்றார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆம்ப் என் பக்கத்திலேயே நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. கரண்ட் ஒயரைத் தவிர அதில் ஒரு ஒயர்கூடச் செருகவில்லை.

கேக் வெட்டி முடித்து ஆட்டம் ஆரம்பித்தது. அன்றைக்கு என் கை என் பேச்சைக் கேட்டது. இரண்டாவது பாட்டு முடிந்ததும் பெண்ணின் தாய்மாமன், கோட்டு சூட்டோடு பிரான்ஸிலிருந்து வந்தவர், மேடைக்கே ஏறிவிட்டார். என்னைத் தாண்டிப் போய் ஆம்பைத் தட்டிக்கொடுத்தார்.

"இதான்யா சத்தம்! அசல் அசல்தான். இப்ப வர்ற டிஜிட்டல் கிஜிட்டல்லாம் கிட்ட நிக்க முடியுமா?"

தலைவர் மைக்கைப் பிடித்து, பிரெஞ்சிலேயே நன்றி சொன்னார். "மெர்சி, மெர்சி! இங்கிலாந்து ஆம்ப்ங்க. எங்க அக்கா பையன் கொண்டாந்தது. அடுத்த வாரத்துலேர்ந்து கிட்டாரும் அவர்தான்!"

கூட்டம் கைதட்டியது. எதற்கு? கிட்டார் ஒயரே இல்லாத ஒரு பெட்டிக்கு! அத்தனையும் தெரிந்த மனிதர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அழுதுவிடுவேனோ என்றுகூட ஒரு நிமிஷம் பயந்தேன். அழவில்லை. அழுதால் அவருக்குத்தான் வசதி.

அடுத்த பாட்டின் நடுவில் கிட்டார் தனியாக வரும் இடம் ஒன்று உண்டு. மாப்பிள்ளையும் பெண்ணும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தார்கள். மேல் கம்பியில் ஒரு சுரத்தைப் பிடித்து நன்றாக இழுத்தேன். இடது விரல் அதை அழுத்தி நடுக்கிக்கொண்டிருந்தது. வலது கை சும்மாதானே இருக்கிறது? குனிந்து ஆம்பின் சுவிட்சைப் பட்டென்று அணைத்தேன்.

சிவப்பு விளக்கு போய்விட்டது. சுரம் போகவில்லை. மண்டபம் முழுக்க அது பாட்டுக்கு நீண்டது. நிமிர்ந்து மிச்சத்தையும் வாசித்து முடித்தேன், ஒன்றுகூடத் தவறாமல்.

தலைவர் கீபோர்டில் கையை வைத்தபடியே பல்லைக் கடித்தார். "இன்னாம்மா பண்ற? மானத்த வாங்குறியா?"

"ஆம்பத்தான்ணே நிறுத்துனேன். நான் நிக்கல."

மேடை ஓரத்திலேயே நின்றிருந்த தாய்மாமன் அணைந்த பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப சத்தம் எங்கேர்ந்தும்மா வந்துச்சு?" என்றார்.

"என் கையிலேர்ந்துதாங்க."

அவர் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் ஆம்பின் பக்கம் திரும்பவில்லை. தலைவர் அன்று என்னிடம் பேசவும் இல்லை, சாப்பிட்டாயா என்று கேட்கவும் இல்லை. அடுத்த வாரத்துக்குக் கூப்பிட்டு போனும் வரவில்லை.

கூப்பிட்டால்தான் போகணுமா? அடுத்த சனிக்கிழமை ஸ்கூட்டரில் கிட்டாரையும் பெடலையும் கட்டிக்கொண்டு நானாகவே மண்டபத்துக்குப் போனேன். மேடையில் அக்கா மகன் ஆம்பை வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். மிக்ஸரில் ஒயரைச் செருகி, கம்பிகளைச் சுதி சேர்த்தேன். தலைவர் பார்த்துவிட்டு, மைக்கைச் சரிசெய்யத் திரும்பிக்கொண்டார். இறங்கச் சொல்லியிருந்தாலும் இறங்கியிருக்க மாட்டேன்.