உட்கார வைத்து எடுத்த அளவு

பகலில் செவ்வாய்ப்பேட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்கிறேன். மற்ற நேரங்களில் ஒரு ராக் இசைக்குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறேன். இந்த இரண்டாவது விஷயத்தை நான் வெளியில் அதிகம் சொல்வதில்லை. சொன்னால் இரண்டு கேள்விகள் வரும். "நாலு கம்பிதான் இருக்கு, மீதி ரெண்டு அறுந்துபோச்சா?" என்பது முதல் கேள்வி. "அந்தப் பாட்டுல நீங்க வாசிச்சது எதுங்க?" என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குச் சிரித்து வைப்பேன். இரண்டாவதற்கு இருபத்தைந்து வருடமாகப் பதில் தயாரித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் முடியவில்லை.

இந்த ஆடியில் எனக்கு இடது கை மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. தோள்பட்டையில் வலி தொடங்கும், முழங்கை வழியாக இறங்கும், நாலாவது பாட்டில் விரல்கள் என்னுடையவை அல்ல என்றாகிவிடும். நாலரைக் கிலோ மரத்தை ஒரு பட்டையில் மாட்டித் தோளில் தொங்கவிட்டு இரண்டு மணி நேரம் நிற்கும் வேலை இது. ஒத்திகையில் இரண்டு முறை பாட்டு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டாவது முறை உட்கார்ந்தது குழுத் தலைவரின் டிரம்ஸ் பெட்டி மேல்.

குழுத் தலைவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். கல்லூரியில் பாடம் நடத்துகிறார், டிரம்ஸ் வாசிக்கிறார், இரண்டையும் ஒரே மாதிரி உரக்கச் செய்கிறார். ஆனால் கெட்ட செய்தியை மட்டும் மெதுவாகச் சொல்வார்.

"அண்ணா, திருச்செங்கோட்டுப் பக்கம் காலேஜ் ஷோ, ரெண்டு மணி நேரம். நின்னுதான் வாசிக்கணும், ராக் ஷோ பாருங்க. முடியலன்னா தப்பா நினைக்காதீங்க, கீபோர்டு தம்பி இடது கைலயே பேஸைப் போட்டுக்கறேன்னு சொல்றாரு."

தப்பாகத்தான் நினைத்தேன். ஒரு மனிதனின் இருபத்தைந்து வருட உழைப்பை இன்னொரு மனிதனின் வேலையில்லாத கை பார்த்துக்கொள்ளும் என்றால் வேறு எப்படி நினைப்பது? ஷோவுக்குப் பதினைந்து நாள் இருந்தது. அதற்குள் நான் இரண்டு மணி நேரம் நிற்கக்கூடியவனாக ஆகவேண்டும். இல்லையென்றால் குழுவில் என் இடம் போய்விடும். ஐம்பத்திரண்டு வயதில், ராக் வாசிக்க வேறு குழு தேடலாம் என்றால் சேலத்தில் இருப்பதே இந்த ஒன்றுதான்.

எலும்பு மருத்துவரைப் பார்த்தேன். நான் கிடாரை மாட்டிக்கொண்டு நிற்கும் புகைப்படத்தைக் கைபேசியில் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, "இவ்வளவு கீழே தொங்கவிட்டால் மணிக்கட்டு மடங்கித்தான் ஆகும். மேலே தூக்கி மாட்டுங்கள், இல்லாவிட்டால் இறக்கி வையுங்கள்" என்றார். நான் வெளியே வந்து எல்லோரிடமும் சொன்னது, "பட்டை சரியில்லையாம்" என்று.

எல்லோரிடமும் என்றால் இரண்டு பேரிடம். ஞாயிறு காலை ஐந்து ரோடு பக்கத்தில் ஒரு பேக்கரியில் நாங்கள் மூன்று பேஸ் வாசிப்பாளர்கள் கூடுவோம். சுற்றுவட்டாரத்தில் மற்றவர்கள் இருக்கலாம், பேசுவதற்கு ஆள் கிடைக்காமல் எங்கேயோ தனியாக இருக்கிறார்கள். ஒருவர் சேலத்தில் ஒரு கத்தோலிக்கக் கோவிலின் பாட்டுக்குழுவில் வாசிப்பவர். பூசை முடிந்து நேராக வருவார். இன்னொருவர் குமாரபாளையத்தில் விசைத்தறி வைத்திருப்பவர், ஊர்த் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவோடு வாசிப்பவர். தறிச் சத்தத்திலேயே வளர்ந்ததால் எந்த டிரம்ஸுக்கும் அசைய மாட்டார்.

அன்றைக்குப் பேச்சு பட்டையைப் பற்றி.

"தோல் பட்டைதாம்ப்பா. ரெண்டரை அங்குலம் அகலம்" என்றார் பாட்டுக்குழுக்காரர். "நான் பதினெட்டு வருஷமா ஒரே தோல் பட்டை."

"நீங்க வாசிக்கறதே மூணு பாட்டுங்க" என்றார் தறிக்காரர். "நடுவுல சாமியார் பிரசங்கம் வெக்கறாரு, நீங்க உக்காந்துக்கறீங்க. எங்க குழுவுல மைக்கே ஓயாதுங்க. நீங்க நம்ம கூட ஒருக்கா நின்னு பாருங்க."

"தோல் வழுக்காது. உன் நைலான் வழுக்கும். கைய எடுத்தா தலை கீழ போகுதுல்ல உன் கிடார்?"

"அது கிடாரு தப்புங்க. தல கனம்."

"வாசிக்கறவனுக்கு இல்லாத கனம்" என்று நான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பேஸ் வாசிப்பாளர்கள் மற்றொரு பேஸ் வாசிப்பாளரின் நகைச்சுவைக்கு இடம் கொடுப்பதில்லை.

பட்டைப் பேச்சு எப்போதும் போய்ச் சேரும் இடம் ஒன்று உண்டு. எங்கள் இளமையில் பெங்களூருவில் ஒரு வெளிநாட்டுக் குழுவின் கச்சேரி நடந்தது. மூன்று பேரும் அதற்குப் போயிருந்தோம், அப்போது ஒருவரை ஒருவர் தெரியாது. பாட்டுக்குழுக்காரர் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று மூன்று நாள் காது கேட்காமல் இருந்தவர். தறிக்காரர் பாதிக் கச்சேரியைக் கழிப்பறை வரிசையில் கேட்டவர், அங்கேதான் பேஸ் நன்றாகக் கேட்டது என்று இன்றும் சத்தியம் செய்வார். எனக்கு முன்னால் நின்றவன் தன் காதலியைத் தோளில் தூக்கி வைத்திருந்தான். அவளுடைய முதுகு மேடையின் மேல் பாதியை மறைத்தது. அவனுடைய காதுக்கும் உயர்த்திய கைக்கும் நடுவிலிருந்த முக்கோணத்தில், இரண்டு மணி நேரமும், பேஸ் வாசித்தவரின் முழங்கால்களும் அவற்றை ஒட்டித் தொங்கிய கிடாரும் தெரிந்தன. முகத்தைப் பார்க்கவே இல்லை. ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக என் பட்டையை முழங்கால்வரை இறக்கினேன். அன்றிலிருந்து அது அங்கேதான்.

"மருத்துவர் வேற ஒண்ணும் சொல்லலியா?" என்று பாட்டுக்குழுக்காரர் கேட்டார்.

"பட்டைதான் என்றார்."

தறிக்காரர் உடனே தீர்ப்புச் சொன்னார். "நாமக்கல் போலாமுங்க. நம்ம சொந்தக்காரரு லாரி சீட்டு தைக்கறாரு. டிரைவர் பெல்ட்டு நாடாவுல தெச்சுத் தருவாரு. ஒரு டிரைவரையே புடிச்சு வெக்கறது, உங்க கிடார வெக்காதா?"

அந்த வாரமே நானும் தறிக்காரரும் போனோம். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கும் இடத்தில், வெல்டிங் பொறிகளுக்கு நடுவே, சீட்டு தைக்கும் மேஸ்திரியின் கொட்டகை. சதை இல்லாத எலும்பு மாதிரி வெறும் சீட்டுச் சட்டங்கள் அடுக்கியிருந்தன. மேஸ்திரி என் கிடாரை வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

"எவ்வளவு வெயிட்டு வரும்ங்க?"

"நாலரைக் கிலோ."

"கிலோவுங்களா?" என்றார். அவரை அவமதித்துவிட்டேன் என்பது முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் தறிக்காரர் கூட்டிவந்த ஆள் என்பதால் பொறுத்துக்கொண்டார். ஒரு சீட்டுச் சட்டத்தை இழுத்துப் போட்டார். "உக்காருங்க சாமி."

உட்கார்ந்தேன். கிடாரை மடியில் வைக்கச் சொன்னார். தோள் மேல் நாடாவை ஓட்டி, கிடாரின் இரண்டு முனையிலும் சாக்பீஸால் கோடு போட்டார். காலை அகட்டி, முதுகை நிமிர்த்தி, வண்டி ஓட்டுகிற மாதிரி இருக்கச் சொன்னார். நானும் இருந்தேன். இல்லாத ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கூடக் காட்டினேன். அங்கே இருந்த மூன்று பேரில் (இரண்டு பேர் பேஸ் வாசிப்பாளர்கள்) ஒருவருக்கும் இந்தப் பட்டை நிற்பதற்காக என்பது நினைவுக்கு வரவில்லை. லாரிச் சீட்டுக் கொட்டகையில் உட்காரச் சொன்னால் உட்காருவோம், அவ்வளவுதான்.

"நீளத்தைக் கூட்டிக் குறைக்க பக்கிள் வேண்டுமே" என்று மட்டும் கேட்டேன்.

"ஆவாதுங்க. பக்கிளு வெச்சா வழுக்கும். நான் தெச்சா ஒரே அளவு, ஆயுசுக்கும்."

இரண்டு நாளில் தறிக்காரர் பட்டையைப் பேக்கரிக்கே கொண்டுவந்து கொடுத்தார். நாலு விரல் அகலம், உள்ளே பஞ்சு, மேலே கருப்பு ரெக்சின், தார்ப்பாய் தைக்கிற நூலில் மும்மடங்குத் தையல். இரண்டு ஓரத்திலும் லாரியின் பின்பக்கம் ஒட்டும் சிவப்பு வெள்ளை ஒளிரும் பட்டை. அது எதற்கு என்று மேஸ்திரியைத் தொலைபேசியில் கேட்டேன்.

"அது ஒட்டாம நம்ம கொட்டாயில இருந்து எதுவும் வெளிய போவாதுங்க. பின்னால வாரவனுக்குத் தெரியோணுமில்ல?"

எனக்குப் பின்னால் வருவது டிரம்ஸ் மட்டும்தான் என்று சொல்லிப் பயனில்லை.

பேக்கரி வாசலிலேயே மாட்டிப் பார்த்தேன். உட்கார்ந்தபோது கிடார் எங்கே இருந்ததோ, நின்றபோதும் அங்கேயே இருந்தது. நெஞ்சுக்குழிக்குக் கீழே, தொப்பையின் மேல் திண்டு போட்டதுபோல. பாட்டுக்குழுக்காரர் எழுந்து சுற்றி வந்து பார்த்தார்.

"ஞானஸ்நானத்துக்குப் புள்ளையத் தூக்கிட்டு வந்த மாதிரி இருக்கியேப்பா."

"நீளம் வெச்சுத் தெக்கச் சொல்லட்டுங்களா?" என்றார் தறிக்காரர். முகம் வாடியிருந்தது.

சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பழக்க தோஷத்தில் இடது கை கிடாரின் கழுத்துப் பகுதியைப் பிடித்து வாசிக்க ஆரம்பித்திருந்தது. மணிக்கட்டு மடங்கவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் நின்று வாசித்தேன். சுண்டு விரல் சொன்ன பேச்சைக் கேட்டது. மருத்துவர் காசு வாங்கிக்கொண்டு சொல்லி நான் கேட்காததை, மேஸ்திரி கேட்காமலே தைத்துக் கொடுத்திருந்தார். இருபத்தைந்து வருடம் எவனோ ஒருவனின் காதலியின் முதுகை நம்பி விரல்களைக் கெடுத்துக்கொண்டேன் என்று புரிந்தது. அதில் வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் வீட்டில் காபி சூடாக இல்லை என்றேன்.

ஷோ அன்று மாலை கல்லூரி மேடைக்குப் போனால், என் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் மேல் மடித்த துண்டு.

"முன்னேற்பாடுதான் அண்ணா" என்றார் தலைவர். பிறகு நான் பட்டையை மாட்டியதைப் பார்த்தார். "அண்ணா… என்னது இது?"

"பட்டை."

"அது தெரியுது. ஏன் இவ்வளவு மேல? கொஞ்சம் இறக்குங்க."

"இறங்காது. தைத்திருக்கிறது."

நாற்காலியை எடுத்து மேடைக்குப் பின்னால் வைத்தேன். துண்டைத் தோளில் போட்டுக்கொள்ள நினைத்தேன், தவில்காரர் மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மணி நேரம் நின்றேன். நாலாவது பாட்டில், வழக்கமாக விரல் மரக்கும் இடத்தில், காத்துக்கொண்டே வாசித்தேன். மரக்கவில்லை. பத்தாவதிலும் இல்லை. கடைசிப் பாட்டில் தலைவர் வேகத்தைக் கூட்டினார், நானும் கூடவே போனேன், ஒரு சுரம் தவறவில்லை. கீபோர்டு தம்பியின் இடது கை இரண்டு மணி நேரமும் தொடை மேல் சும்மா கிடந்ததை நான் அவ்வப்போது பார்த்து வைத்துக்கொண்டேன். விளக்கு என் பக்கம் திரும்பும்போதெல்லாம் மாணவர்கள் கூச்சலிட்டார்கள். இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் கூச்சல். காரணம் என்னவென்று அப்போது யோசிக்கவில்லை.

மறுநாள் தலைவர் அழைத்தார். "அண்ணா, ரெண்டு மணி நேரம்! நிஜமாவே நான் எதிர்பார்க்கல. பேஸ் பிரமாதம்." பிறகு குரல் மெதுவானது. மெதுவானதும் நான் உட்கார்ந்தேன். "வீடியோ பார்த்தீங்களா?"

பார்த்தேன். விளக்கு என்மேல் விழும்போதெல்லாம் மேடையில் எல்லோரும் இருட்டில் போய்விட, என் தோளிலிருந்து இடுப்புவரை சாய்வாக ஒரு சிவப்பு வெள்ளைக் கோடு மட்டும் பளீரென்று எரிகிறது, புறவழிச்சாலையில் ரிப்பேராகி நிற்கும் லாரி மாதிரி. கீழே பிள்ளைகள் எழுதியிருந்ததில் பாதி ஹாரன் அடிக்கச் சொல்லி.

"ஒட்டியிருப்பதைக் கிழித்துவிடுகிறேன்" என்றேன்.

"அது மட்டும் இல்லண்ணா. அந்த உயரம். ராக் மாதிரியே இல்ல. அடுத்த மாசம் ஆத்தூர்ல ஷோ. பழைய பட்டையில வாங்க. இல்லன்னா… கீபோர்டுக்குப் பின்னால நின்னுக்கறீங்களா? அங்க ஸ்டாண்டு மறைச்சுக்கும்."

என் விரல்கள் சரியாகிவிட்டன, நான் நிற்கிறேன், தப்பில்லாமல் வாசிக்கிறேன். இதையெல்லாம் வரிசையாகச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டேன்.

"இடது பக்கம். வலது பக்கம் வயர் ஓடும்."

ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் சொன்னபோது தறிக்காரர் டீயை வைத்துவிட்டார். "பின்னாலயா? உங்களையா? நீங்களும் சரின்னுட்டீங்களா? அவரு நெம்பர் குடுங்க, நான் பேசறேன்."

கைபேசி என் சட்டைப் பையில் இருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டேன். "வேண்டாங்க. நீங்க பேசினா அந்த இடமும் போயிரும்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். தறியில் நூல் அறுந்தால் அப்படிப் பார்ப்பார் என்று நினைக்கிறேன். பாட்டுக்குழுக்காரர் மட்டும் பன்னைப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

"அங்க நின்னா டிரம்ஸ் காதுலயே அறையுமே?" என்றார்.

"அறையும்."

"பஞ்சு வெச்சுக்கப்பா" என்றார். "நாடாவுக்குள்ள வெச்சது மிச்சமிருந்தா அந்த மேஸ்திரிகிட்டயே கேளு."