வீட்டு மெயில்

அண்ணனின் வெப்சைட் திறக்கவில்லை என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். ஒளித்துப் பேசி என்ன ஆகப்போகிறது. சான்பாடா பிளாட்பாரத்தில் ஆபீஸ் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தேன். போனில் அண்ணன் பதறினான்.

“ஏட்டி, வெப்சைட் தொறக்க மாட்டேங்கு. காலையிலருந்து பாக்கேன், அப்படி ஒரு முகவரியே கெடையாதுங்கு. பன்னெண்டு மணிக்கு தாதர் கடக்காரர் பாக்கப் போறாருட்டி.”

தாராவியில் அண்ணனுக்குத் தோல் பைப் பட்டறை. தாதரில் பெரிய கடை வைத்திருக்கும் ஒருவர் தீபாவளிக்கு அறுநூறு பை எடுப்பதாகச் சொல்லியிருந்தார். அன்று மதியம் கூட்டாளிகளை உட்கார வைத்து எங்கள் வெப்சைட்டில் மாடல்களைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. மாஹிமில் இன்னொரு பட்டறையிடமும் அவர் பேசி வைத்திருந்தார். அறுநூறு பை கிடைத்தால் அண்ணனின் ஆட்களுக்கு மழைக்காலம் முழுக்க வேலை இருக்கும்.

“மதினி என்ன சொல்லுதா?” என்று கேட்டேன்.

“அவளுக்கும் பிடிபடல. நீ வாட்டி.”

அந்த ‘நீ வா’வுக்காக நான் எட்டு மாதமாகக் காத்திருந்தேன். ஆபீஸுக்கு லீவு சொன்னேன்.

அண்ணனுக்கு முதல் வெப்சைட் போட்டுக் கொடுத்தது நான். மொட்டை மாடியில் என் துப்பட்டாவை விரித்து, அதன் மேல் பைகளை வைத்து நானே போட்டோ எடுத்தேன். ஏழு வருடம் ஓடியது. பிறகு மதினி வந்தாள். செம்பூரில் வளர்ந்தவள், டிசைன் படித்தவள். கல்யாணமான மூன்றாம் மாதமே எல்லாவற்றையும் கலைத்துப் புதிதாகக் கட்டினாள். குளித்துப் பவுடர் போட்ட பிள்ளைகள் மாதிரி பைகள் வெள்ளைப் பின்னணியில் நின்றன. “இப்பதாம்ட்டி பாக்க லெச்சணமா இருக்கு” என்று அண்ணன் என்னிடமே சொன்னான். நானும் நல்லாயிருக்கு மதினி என்றேன். வயிறு எரிந்தது. என் துப்பட்டா போட்டோ ஒன்றாவது எங்காவது மிச்சமிருக்கிறதா என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். ஒன்றும் இல்லை.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. மதினியிடம் எப்படிப் பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். பெருந்தன்மையாக, குரலை உயர்த்தாமல், ‘இதெல்லாம் அனுபவத்துல வர்றது மதினி’ என்று ஒரு வரி வைத்திருந்தேன். குர்லாவில் ரயில் மாறி சயானில் இறங்கும்போது அந்த வரி எனக்கு நன்றாகவே பிடித்துப்போயிருந்தது.

இரும்பு ஏணியில் ஏறினால் பட்டறை. அண்ணன் வைஃபை பெட்டியை நான்கு முறை அணைத்துப் போட்டுவிட்டு, கேபிள்காரரைப் போனில் திட்டிக்கொண்டிருந்தான். மதினி லேப்டாப் முன்னால் கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

“வாங்க. போன மாசம் வெப்சைட் பேரை உங்க பேர்ல இருந்து இவரு பேருக்கு மாத்தினேன்ல, அதுலதான் ஏதோ கட்பட் ஆயிருக்குன்னு தோணுது” என்றாள்.

“பாப்போம்” என்று என் லேப்டாப்பைத் திறந்தேன்.

வெப்சைட்டின் பக்கங்கள் கிடக்கும் கம்ப்யூட்டரை அதன் சொந்த முகவரியில் போய்த் தட்டினேன். பைகள் பளிச்சென்று வந்தன. அப்படியானால் வெப்சைட்டுக்கு ஒரு குறையும் இல்லை. பெயரைச் சொன்னால் அது எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று வழி சொல்லும் ஏற்பாடு ஒன்று உண்டு, டி.என்.எஸ். என்பார்கள். அதுதான் வாயை மூடிக்கொண்டிருந்தது. கீழ்க்கடைக்காரர் போனில் மட்டும் வெப்சைட் திறந்தது. அவர் போனுக்கு நேற்றைய வழி இன்னும் ஞாபகம் இருந்தது, அவ்வளவுதான். இதை விளக்கிச் சொன்னபோது அண்ணன் என்னைப் பழையபடி பார்த்தான். எனக்கு உச்சி குளிர்ந்தது.

அடுத்து வெப்சைட் பெயரின் பதிவைத் தேடி எடுத்தேன். ‘நிறுத்திவைக்கப்பட்டுள்ளது’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. பெயர் விற்கும் கம்பெனியின் பக்கத்துக்குப் போனால் காரணமும் இருந்தது. உரிமையாளர் பெயர் மாறியிருக்கிறது, பதினைந்து நாளுக்குள் மெயிலில் உறுதி செய்யச் சொன்னோம், செய்யவில்லை.

லேப்டாப்பை என் பக்கமாகத் திருப்பிக்கொண்டேன்.

நாங்கள் வளர்ந்த சந்தில் ஆளுக்கொரு மெயில் கிடையாது. வீட்டில் இங்கிலீஷ் படித்த ஒருத்தி யாரோ அவள் திறந்ததுதான் வீட்டு மெயில். கேஸ் சிலிண்டர், பாஸ்போர்ட், ஸ்கூல் அட்மிஷன் எல்லாம் அதற்குத்தான் வரும். அவள் கல்யாணமாகிப் போனாலும் மெயில் அவளோடுதான் போகும், அவள் பார்த்துச் சொல்லிவிடுவாள் என்று மற்றவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த ஒருத்தி நான். மதினி பெயரை மாற்றினாளே தவிர அந்த மெயிலை மாற்றவில்லை. அதை என்னிடமிருந்து பிடுங்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம்.

அந்தக் கடிதம் எனக்கு வந்தது. படித்தேன். ஒரு பட்டனை அழுத்தினால் போதும். எல்லாம் தெரிந்த மகாராணிதானே, அவளே கண்டுபிடித்து வந்து கேட்கட்டும் என்று மூடிவைத்தேன். நினைவூட்டல் இரண்டு முறை வந்தது. இரண்டையும் படித்தேன்.

“டவர் கிடைக்கல” என்று சொல்லி ஏணி இறங்கி, தோல் மூட்டைகளுக்கு நடுவே நின்று அந்தப் பட்டனை அழுத்தினேன். ‘நன்றி’ என்று வந்தது.

மேலே வந்து, கம்பெனியில் பேசிவிட்டேன், தடை எடுத்துவிடுவார்கள், ஆனால் ஊரெல்லாம் பரவ நேரமாகும் என்று சொன்னேன். மணி பதினொன்று. அண்ணன் ஒரு பையைப் பிரித்து, மறுபடி தைத்து, மறுபடி பிரித்தான். பதினொன்றரைக்கும் திறக்கவில்லை. அந்த ஒரு மணி நேரம் எனக்கு மதினி மேல் பொறாமை இல்லை, பயம் மட்டும்தான் இருந்தது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது என் போனில் திறந்தது, பிறகு அண்ணன் போனில். தாதருக்குப் போன் செய்தான். அங்கேயும் திறந்துவிட்டது. ஒரு மணிக்கு அவரே கூப்பிட்டு, அறுநூறும் உங்களுக்குத்தான் என்றார்.

அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “என்னதாம்ட்டி ஆச்சு?” என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி சொன்னாள். “என் கல்திதாங்க, என் தப்புதான். பேரை மாத்தும்போது ஒரு ஸ்டெப் விட்டுட்டேன். அவங்க வந்து சரி பண்ணிட்டாங்க.”

சொல்லிக்கொண்டே தன் லேப்டாப்பை மூடினாள். மூடுவதற்கு முன் திரையைப் பார்த்துவிட்டேன். அதே கம்பெனியின் பக்கம். கடிதம் அனுப்பிய மூன்று தேதிகள், அவை போய்ச் சேர்ந்த மெயிலின் முதல் நான்கு எழுத்து, மிச்சம் நட்சத்திரக் குறிகள். அந்த நான்கு எழுத்து யாருடையது என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவள் என்னைப் பார்க்காமல் டீ சொல்ல எழுந்து போனாள்.

அண்ணன் ஏணி வரை கூடவே வந்தான். “அவள ஒண்ணும் சொல்லிராதட்டி. பாவம், புதுசுல்லா” என்றான்.

“சரிண்ணே” என்றேன்.

ரயிலில் அந்த மெயிலின் பாஸ்வேர்டை மதினிக்கு அனுப்பினேன். ‘தேங்க்ஸ்’ என்று ஒரு கைகூப்பு வந்தது, வேறெதுவும் இல்லை. இன்றுவரை அவள் அண்ணனிடம் சொல்லவில்லை. வெப்சைட்டை அவள் என்னைவிட நன்றாகக் கட்டியதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இதைத்தான் பொறுக்க முடியவில்லை.