தற்காலிகப் பயிற்சியாளர் ஒல்லி

அதேமார் தெச்சேராவை பைசாந்து ஊரில் எல்லாரும் ஒல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். எஸ்த்ரெல்லா கால்பந்து கிளப்பின் பின்கள ஆட்டக்காரராக ஓடிய காலத்தில் வைத்த பெயர். தொப்பை விழுந்து எத்தனையோ வருஷமாகியும் ஊர் அதை மாற்றவில்லை. அந்த ஊர் எதைத்தான் மாற்றியது?

அந்தக் கிளப்புக்காக முழங்காலைத் தேய்த்தவரை, ஆட்டத்தை விட்டதும் இளையோர் அணிக்குப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். பெரிய அணிக்கு மட்டும் தலைநகர் மோந்தெவிதேயோவிலிருந்து யாராவது ஒரு கோட்டு சூட்டு வந்து இறங்கும். வரிசையாகத் தோற்கும், மூட்டை கட்டும். உடனே கிளப் தலைவர் குர்பேலோவுக்கு ஒல்லியின் ஞாபகம் வரும். அடுத்த ஆள் வருகிறவரை பார்த்துக்கொள் என்பார். இவரும் போவார். அணி ஜெயிக்கத் தொடங்கும்.

ஜெயிக்கும்போது எதையும் மாற்றக் கூடாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த சட்டம். கோல்கீப்பர் சோசா கிழிந்த காலுறையைக் கழற்ற மாட்டான். பேருந்தில் அவரவர் இடம் அவரவருக்கு. ஒல்லியின் மனைவி நிபியா அவருடைய நீல மேல்சட்டையைத் துவைக்க மாட்டாள், அது உப்புப் பூத்து நாறினாலும். அதே சட்டப்படி, தற்காலிகப் பயிற்சியாளரும் தற்காலிகமாகவே இருக்க வேண்டும். சரி, தோற்றால்? தோற்றவனை யார் நிரந்தரமாக்குவார்கள்? மூன்று முறை இப்படியே அவரை ஏமாற்றினார்கள். வெட்கமே இல்லாத ஜனங்கள்.

நாலாவது முறை, பட்டியலின் அடியில் கிடந்த அணியை முதல் பிரிவுக்கு ஏறுவதற்கான இறுதி ஆட்டம் வரை தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் ஒல்லி. ஒல்லியை ஏன் இன்னும் நிரந்தரமாக்கவில்லை என்று கடைத்தெருவில் ஆளாளுக்கு குர்பேலோவைப் பிடித்துக் கேட்டார்கள். கசாப்புக் கடைக்காரரான அவருக்கு வியாபாரம் படுத்துவிடுமோ என்ற பயம். ஆட்டத்துக்கு முந்தின நாள் உடைமாற்றும் அறைக்கே ஒப்பந்தத்தோடு வந்தார். இரண்டு வருஷம், நிரந்தரப் பயிற்சியாளர். வாழ்நாளெல்லாம் அவர் கேட்டது அது ஒன்றுதான்.

ஒல்லி பேனாவை வாங்கினார். மொத்த அணியும் பார்த்துக்கொண்டிருந்தது. சோசாவின் கண் மட்டும் தன் கிழிந்த காலுறை மீது போய் நின்றது. ஒல்லியும் அதைப் பார்த்தார்.

"ஆட்டம் முடியட்டும் தலைவரே. இப்பப் போயி எதையும் மாத்த வேணாம்."

குர்பேலோ மெச்சிக்கொண்டு காகிதத்தை மடித்தார். ஆட்டக்காரர்கள் ஒல்லியின் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். அந்த அறையில் ஒருத்தருக்காவது அது முட்டாள்தனமாகத் தெரிந்ததா என்றால் இல்லை. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

மறுநாள் மழை. வழுக்கிய பந்து சோசாவின் கைக்கு அடியில் புகுந்து வலைக்குப் போனது; அதோடு ஆட்டமும் போனது. கிழிந்த காலுறை ஒன்றும் கிழிக்கவில்லை. குர்பேலோ ஒப்பந்தத்தைப் பற்றி அப்புறம் வாயே திறக்கவில்லை. அந்த வாரமே மோந்தெவிதேயோவிலிருந்து புதுக் கோட்டு வந்து இறங்கியது.

ஒல்லி வீட்டில் உட்கார்ந்து நடுவரைத் திட்டினார், மழையைத் திட்டினார், குர்பேலோவின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். நிபியா மாத்தே இலைத் தேநீர் ஊற்றி நீட்டினாள்.

"அந்தாளு பேனாவக் குடுத்தாருல்ல கிழவா. போட்டிருக்கலாம்ல?"

"போட்டுட்டுத் தோத்திருந்தா? என் கையெழுத்தாலதான் தோத்தோம்னு ஊரே பேசும்."

"பேசட்டுமே. நீ பயிற்சியாளரா இருந்திருப்ப."

ஒல்லி மறுபடியும் நடுவரைத் திட்டத் தொடங்கினார். மாத்தே ஆறிப் போனது.

புதுக் கோட்டும் தோற்றது. ஒரு நாள் காலை குர்பேலோவின் வண்டி வாசலில் வந்து ஹாரன் அடித்தது. இந்தத் தடவை விடுவதில்லை என்று ஒல்லி தீர்மானமாக இருந்தார். முதலில் கையெழுத்து, அப்புறம்தான் மைதானம். முகம் கழுவும்போதும் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டார். மேல்சட்டையை எடுக்க அலமாரியைத் திறந்தார். அது துவைத்து, தேய்த்து, சோப்பு வாசனையோடு தொங்கியது.

"எதுக்குடி இதத் துவைச்ச?" அவர் சட்டையை முகர்ந்து பார்த்தார். "இதப் போட்டுக்கிட்டு நான் எப்படி ஜெயிக்கிறது?"

"இத்தன நாளு ஜெயிச்சு என்ன கண்ட?" என்றாள் நிபியா.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. சட்டையைக் கசக்கி, தரையில் போட்டு மிதித்து, பழையபடி ஆக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் மறுபடி ஹாரன் கேட்டது. அழுக்குச் சட்டையோடு ஓடிப்போய் வண்டியில் ஏறினார். கையெழுத்தைப் பற்றிக் கேட்க மறந்தே போனார்.