ஏழாமிடத்துச் சனி

அறுபதுகளில் நான் பல்கலைக்கழகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மொட்டைமாடியில் இருந்த சின்ன வானாய்வுக் கூடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். வரிசையைக் கவனிப்பதும் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வதும் என் பொறுப்பு.

அன்றைக்குத் தொலைநோக்கியைச் சனி கிரகத்தின் பக்கம் திருப்பியிருந்தார்கள். தமிழர் கடைகள் நிறைந்த சிராங்கூன் ரோட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த நம் ஆட்கள், சனி என்று கேட்டதும் நெளிந்தார்கள். கோயிலில்கூட சனீஸ்வரனுக்கு நேர் எதிரே யாரும் நிற்பதில்லையே! ஒருவர் செருப்பைக் கழற்றிப் போட்டு, ஒருக்களித்து நின்று, கழுத்தை மட்டும் வளைத்துப் பார்த்தார். அப்படிப் பார்த்தால் இருட்டுதான் தெரியும். "ஒண்ணும் தெரியல லா" என்று நிம்மதியாகப் போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் சாதகத்தில் ஏழாமிடத்தில் சனி, கல்யாணம் செய்தால் மாப்பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லியே வந்த வரனையெல்லாம் அம்மா திருப்பி அனுப்பினாள். சாதகத்தை அலமாரியில் பூட்டி வைத்திருந்தாள். என் கண்ணில் காட்டியதில்லை. பத்து வருடம், சனிக்கிழமை தவறாமல் நான் எள் விளக்கு ஏற்றினேன். கூட வரும் அம்மா மட்டும் கோயிலுக்குள் நுழையாமல் பூக்கடையிலேயே நின்றுகொள்வாள்.

அந்த அம்மா இப்போது வரிசையில் வந்து நின்றாள். "இது சனிம்மா, பார்க்க வேணாம்" என்று தடுத்தேன். கேட்காமல் நேராகக் குனிந்து கண்ணை வைத்தாள். நெடுநேரம் நிமிரவே இல்லை.

"இவ்வளவு அழகா இருக்கே. பாவம், இது தலையில எவ்வளவு பழியைப் போட்டுட்டேன்."

என்ன பழி என்று கேட்டேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உன் ஏழாமிடத்துல யாருமே இல்லை. அப்பா போனப்புறம் நீயும் போயிட்டா, நான் யாரோட இருக்கிறது?"

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. பெற்றவள் என்றும் பாராமல் கையை ஓங்கியிருப்பேன். பின்னால் நின்றவர்கள் நேரமாகிறது என்று முணுமுணுத்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அவருக்கு என்ன விளக்கம் சொன்னேன் என்பது இன்றுவரை நினைவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. அம்மா என்னை விளக்கேற்றக் கூப்பிடவில்லை. நானாகவே கோயிலுக்குப் போனேன். விளக்கு ஏற்றவில்லை. சனீஸ்வரனுக்கு நேர் எதிரே நின்று வாய்விட்டு அழுதேன்.