கேமராவுக்கு எதிரே ஒரு நாற்காலி

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நான் வேலை பார்த்தபோது, சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் அப்பா தனியாக இருந்தார். ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்தார். பிராட்பேண்ட் வந்த புதிது. கம்பெனிக்குக் கேமரா பொருத்தியவரிடமே சொல்லி, வீட்டுக் கூடத்திலும் மலிவாக ஒன்று வைத்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் எப்போது பார்த்தாலும் அப்பா நாற்காலியில் இருப்பார். எனக்கு நிம்மதி.

மாரடைப்பில் அவர் இறந்த அன்று, அவருடைய தோஸ்த் பஷீர் பாய் சொன்னார்: "தினம் டீக்கடைக்கு வர்றவன், கேமரா வெச்சதுலேருந்து வரவே இல்ல தம்பி. இன்னாடா, சேர்ல ஒட்டிக்கினியான்னு கேட்டேன். 'சேர் காலியா இருந்தா பையன் பயந்துடுவான்'னான்."

கேமராவை இன்னும் கழற்றவில்லை. காலி நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம், அப்பா டீக்கடைக்குப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறேன்.