பெரியப்பாவின் ஸ்பீக்கர் பெட்டி

போன வாரம் கண்டியில் ஒரு பரிசளிப்பு விழா. பேச எழுந்தவர் மைக்கைத் தொட்டதுதான் தாமதம், 'கூ' என்று ஒரு ஊளை. சபையே காதைப் பொத்திக்கொண்டது. நான் மட்டும் பழைய சிநேகிதனைக் கண்டவன்போலச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த மனைவி கையில் கிள்ளினாள். அவளுக்கு முன்னாலேயே அந்த ஊளையோடு நான் குடித்தனம் நடத்தியவன் என்பதை அவளிடம் எப்படிச் சொல்ல?

ஆம்ப்ளிஃபையர் சூடாகும்போது தூசி கருகுகிற ஒரு வாசனை வரும். அது மூக்கில் ஏறினால் எனக்கு உடனே கல்யாணச் சாப்பாடு ஞாபகம். அலவத்துகொடக்காரன் நசீரும் நானும் சவுண்ட் செட் வாடகைக்கு விட்ட காலத்தில் எங்களுக்கு எப்போதும் கடைசிப் பந்திதான்.

அப்படி ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா செல்லையா அண்ணன், மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துக்காரர். தொண்டையில் ஆபரேஷன் செய்து, குரல் வெறும் காற்றாகிப் போயிருந்தது. காலையிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, புள்ளைய அனுப்புறப்ப ரெண்டு வார்த்தை பேசணும். எல்லாருக்கும் கேக்க வச்சிருவீங்களா?"

"கேக்கும்ண்ணே" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வாய்க் கொழுப்பு, வேறென்ன.

மெல்லிய குரலுக்கு மைக்கைக் கூட்டித்தான் வைக்க வேண்டும். கூட்டினாலோ, ஸ்பீக்கரில் வருகிற சத்தத்தையே மைக் திரும்ப வாங்கி ஊளையிடும். அதனால் பெட்டிகளை மைக்குக்கு முன்னால், சபையைப் பார்த்து வைப்போம். அன்றைக்குப் பார்த்து, கலகெதரவில் கடை வைத்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா, ஒரு பெட்டியை மேடையில் தான் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். அதன் வாய் நேரே மைக்கைப் பார்த்தது.

"மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க மேல இருக்கோம். எங்களுக்கு ஒரு பெட்டி இல்லாட்டி என்ன மரியாதை?"

சம்பந்தி மரியாதை என்றால் செல்லையா அண்ணனே நடுங்குவார். பெட்டியை நகர்த்த வழியில்லை. சோதித்துப் பார்த்தோம். பாதி கூட்டுவதற்குள் ஊளை.

நசீர் காதுக்குள் சொன்னான்: "பெட்டி இரிக்கட்டும் மச்சான். வயர மட்டும் கழட்டு."

மேடையில் தொங்கிய மாலையைச் சரிசெய்கிறவன்போலக் குனிந்து வயரைக் கழற்றினேன். நான் மைக்கைச் செல்லையா அண்ணனின் உதட்டோரம் பிடிக்க, நசீர் கீச்சுச் சத்தத்தைக் குறைத்துவிட்டு மெல்ல மெல்லக் கூட்டினான்.

"எம்புள்ள சத்தமா பேசமாட்டா," என்றார் அவர். "என்ன வேணும்னாலும் வாய்க்குள்ளதான் கேப்பா. நீங்கதான் கொஞ்சம் கிட்டப் போயி கேட்டுக்கணும்."

கடைசிக் கதிரை வரை கேட்டது. பெரியப்பாவோ வாயே திறக்காத அந்தப் பெட்டியைத் தட்டிக்கொடுத்து, "பாத்தீங்களா, இது இங்க இருந்ததாலதான் இவ்வளவு தெளிவு" என்றார். நசீர் சிரிப்பை அடக்கமாட்டாமல் வெளியே ஓடினான்.

அந்தக் கல்யாணம் நடந்த மண்டபம் இப்போது கடைத்தொகுதி. எங்கள் பெட்டிகள் போன இடம் தெரியாது. இந்தக் காலத்து சவுண்ட் மிக்சர், ஊளையைத் தானே தேடிப் பிடித்து வெட்டிவிடுகிறதாம். செல்லையா அண்ணனும் போய்விட்டார். போன வருஷம் கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் அவர் மகளைக் கண்டேன்.

"அண்ணே, அப்பா அன்னைக்குப் பேசினது எதுலயாவது பதிஞ்சிருக்கா?"

இல்லை என்றேன். ஆறுதலுக்காக, அவர் பேசியதைச் சொல்லத் தொடங்கினேன். அவள் உதடும் கூடவே அசைந்தது. வார்த்தைகள் எங்கள் இரண்டு பேரிடமும் அப்படியே இருந்தன. அந்தக் குரல்தான் எங்கும் இல்லை.