ஒட்டுவேலை என்று எழுதித் தந்தார்கள்

இரண்டாயிரத்து எட்டில் நான் அனுப்பிய ஒரு புகைப்படம் போட்டியிலிருந்து திரும்பி வந்தது. பின்பக்கத்தில் சிவப்பு மையில், "இது போட்டோ இல்லை, ஒட்டுவேலை" என்று எழுதியிருந்தார்கள். தோற்றது பெரிய விஷயமில்லை. எத்தனையோ போட்டிகளில் தோற்றிருக்கிறேன். ஆனால் அந்த வரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது நான் செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றைச் சீட்டுப் பணத்தில் வாங்கி, பூச்சி, இலை, கிளிஞ்சல் என்று கிட்டத்தில் வைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுப்பட்டினம் கரைக்குப் போனேன். வலையிலிருந்து மீனைப் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா வேண்டாததையெல்லாம் மணலில் வீசிக்கொண்டிருந்தார். அதில் கடல் முள்ளெலியின் ஓடு ஒன்று கிடந்தது. முள்ளெல்லாம் உதிர்ந்து, வெளிர் ஊதாவாக, பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்தது போல இருந்தது. எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினேன்.

"இத்தப் போயி இன்னாத்துக்கும்மா எடுத்துக்கினு போற? துன்னவும் முடியாது, விக்கவும் முடியாது."

"படம் எடுக்கத்தாம்மா."

"இத்தயா? அதுக்கு என்னிய எடேன்!"

அவரையும் எடுத்தேன். நன்றாகவே வந்தது. ஓடுதான் வரவில்லை.

அவ்வளவு கிட்டத்தில் லென்சை வைத்தால், ஒரு நகத்தின் கனம் மட்டுமே தெளிவாகத் தெரியும். உச்சியில், முள் உதிர்ந்த இடத்தில் புடைத்திருக்கும் மொட்டு பளிச்சென்று இருக்கும், அதற்குப் பின்னால் எல்லாம் பனிமூட்டம். போதாததற்கு, முழு ஓடும் ஒரே படத்துக்குள் அடங்காது. தள்ளி நின்று எடுத்தால் அடங்கும், ஆனால் அதன் மேலுள்ள ஊசித்துளைகள் மறைந்துவிடும். அந்தத் துளைகள் வழியாகத்தான் அந்தப் பிராணி தன் கால்களை வெளியே நீட்டி நடந்திருக்கிறது. என் மாணவிகள் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இதற்கு வழி இருக்கிறது என்று பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்தேன். கேமராவை இம்மி இம்மியாக முன்னே நகர்த்தி வரிசையாகப் படமெடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் தெளிவாக விழுந்த பகுதியை மட்டும் கணினி பொறுக்கியெடுத்து ஒரே படமாக அடுக்கித் தரும். அது ஓட்டின் ஒரு கட்டம். அப்புறம் பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த கட்டம். கடைசியில் எல்லாக் கட்டங்களையும் விளிம்போடு விளிம்பு பொருத்தித் தைக்க வேண்டும். முதலில் அடுக்கு, பிறகு தையல். வரிசை மாறினால் எல்லாம் பாழ்.

இம்மி இம்மியாக நகர்த்த என்னிடம் என்ன இருந்தது? எங்கள் தெருமுனை லேத் பட்டறைக்காரரிடம் போய்ச் சொன்னேன். உடைந்த லேத்தில் இருந்த ஒரு நகர்மேடையைக் கழற்றி, எண்ணெய் போட்டுத் துடைத்து, என் முன்னால் வைத்தார்.

"இந்தக் கைப்புடி முன்னால பின்னால, அந்தக் கைப்புடி குறுக்கால. ஒரு கோடு திருப்புனா முடி அளவுதான் நகரும். போதுமா டீச்சர்?"

மேலே கீழே நகர்த்த, ஒரே கனமுள்ள தரை டைல்ஸ் துண்டுகளைக் கேமராவுக்கு அடியில் ஒவ்வொன்றாகச் செருகினேன். குறுக்கே மூன்று, மேலிருந்து கீழே நான்கு, ஆகப் பன்னிரண்டு கட்டம். நடுக்கட்டங்களுக்குப் பத்துப் பதினைந்து படம் போதும். ஓடு வளைந்து இறங்கும் ஓரங்களுக்கு நாற்பது வேண்டியிருந்தது.

எங்கள் வீடு ரயில் பாதையை ஒட்டியது. சரக்கு வண்டி போனால் மேஜை அதிரும், அந்த அடுக்கே கெட்டுவிடும். எது எப்போது போகும் என்று ஒரு வாரம் குறித்துவைத்து, இடைவெளிகளில் எடுத்தேன். எடுக்கத் தொடங்கிய நாலாவது நாள், தொங்குபாலத்தில் நடக்கிறவள் மாதிரி மூச்சை அடக்கி அடக்கி, கடைசிக் கட்டத்தையும் முடித்தேன். அடுத்தது கணினி. ஒரு கட்டத்தை அடுக்க அது முக்கால் மணி நேரம் முக்கும். பாதியில் கரண்ட் போகும். அந்த ஆண்டு மின்வெட்டு எப்படி இருந்தது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒரே கட்டத்தை ஐந்து முறை அடுக்கியிருக்கிறேன்.

முழுப் படமும் திரையில் வந்தபோது என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் விரலால் திரையைத் தொட்டார்.

மாமல்லபுரத்தில் ஒரு சங்கம் 'கடல் தந்தது' என்று போட்டி அறிவித்திருந்தது. எதையும் சேர்க்கக் கூடாது, எதையும் நீக்கக் கூடாது என்பது விதி. நான் சேர்க்கவுமில்லை, நீக்கவுமில்லை. எப்படி எடுத்தேன் என்று விண்ணப்பத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். எழுதாமல் விட்டிருந்தால் அவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது. உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பரிசுதான் அந்தச் சிவப்பு மை.

கண்காட்சி நாளன்று படத்தையும் ஓட்டையும் எடுத்துக்கொண்டு நேரே போனேன். அமைப்பாளர் வெள்ளைச் சட்டையில் ரிப்பன் குத்திக்கொண்டு நின்றிருந்தார்.

"மேடம், ஒரு கிளிக்குன்னா ஒரு போட்டோ. நீங்க நானூறு எடுத்து ஒட்டியிருக்கீங்க. அது கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்."

அவருக்குப் பின்னால் மேடை முழுவதும் ஒரு பேனர். கடற்கரை, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை.

"அது ஒரே கிளிக்கா சார்?"

திரும்பிப் பார்த்தார். "அது பனோரமா. ஆறு ஏழு ஷாட் சேர்த்தது. அது வேற."

"நீங்க கடற்கரையை ஒட்டினா பனோரமா, நான் கடல்ல கிடந்ததை ஒட்டினா பித்தலாட்டமா?"

சுற்றியிருந்தவர்கள் திரும்பினார்கள். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "கோவப்படாதீங்க. இது யாரு செஞ்சு குடுத்தது? உங்க வீட்டுக்காரரா?"

நானூறு முறை கைப்பிடி திருப்பிக் காய்த்துப்போன என் கட்டை விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினேன். அவர் அதைத் திட்டு என்று எடுத்துக்கொண்டிருப்பார். எடுத்துக்கொள்ளட்டும்.

நடுவர்களில் ஒருவர், பத்திரிகைக்குப் படமெடுப்பவர், என் வயதிருக்கும், அருகில் வந்து படத்தை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது ஓரத்தைக் காட்டி, "இங்க ஒரு மொட்டு ரெண்டு தடவை விழுந்திருக்கு, பாருங்க" என்றார்.

பார்த்தேன். உண்மைதான். வளைவான ஓரத்தில் இரண்டு கட்டங்கள் சரியாகப் பொருந்தாமல், ஒரே மொட்டு இரட்டையாகி இருந்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இதுக்காகவா நீக்கினீங்க?"

"இதை யாரும் பாக்கவேயில்லை மேடம். உங்க விண்ணப்பத்தைப் படிச்சதோட சரி. நீக்க வேண்டாம்னு நான் சொன்னேன். மத்த ரெண்டு பேரும் கேக்கலை."

என் கோபம் அதற்குப் பிறகுதான் தலைக்கேறியது. தப்பைக் கண்டுபிடித்து என்னை நிராகரித்திருந்தால் கும்பிட்டுவிட்டு வந்திருப்பேன். பார்க்காமலே தீர்ப்பெழுதியிருக்கிறார்கள்!

வெளியே வந்து வாசலிலேயே நின்றேன். ஒரு கையில் படம், ஒரு கையில் ஓடு. உள்ளே போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி இரண்டையும் காட்டினேன். காவலாளி, "இன்னா மேடம், இங்க நிக்கக் கூடாது" என்றார். ரோடு எல்லாருக்கும் பொது என்றேன். கடைசியில் அவரும் வந்து எட்டிப் பார்த்தார்.

பாசிமணியும் சங்கும் விற்கிற பெண் ஒருத்தி கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓட்டை வாங்கிக்கொண்டாள். உச்சியிலிருந்து இறங்கும் துளை வரிசைகளை விரலால் எண்ணினாள். பிறகு படத்தில் எண்ணினாள்.

"இதுல அஞ்சு ஜோடி கீது. அதுலயும் அஞ்சு ஜோடி கீது. கூடவும் இல்ல, கொறயவும் இல்ல. அப்பறம் இன்னாத்துக்கு வாணாம்ன்றாங்க?"

"உள்ள இருக்கறவங்களைத்தான் கேக்கணும்" என்றேன்.

தீர்ப்பு மாறவில்லை. அந்த இடது ஓரத்தை மட்டும் நான் மறுபடி எடுத்தேன். கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று பாதிக்குப் பாதி கவியும்படி நெருக்கமாக நகர்த்தி, மூன்று ஞாயிறுகள் செலவழித்தேன். இரட்டை மொட்டு போய்விட்டது. புதிய படம் பள்ளி ஆய்வகத்தில் மாட்டப்பட்டது.

சில மாதம் கழித்து அதே அமைப்பாளர் போன் செய்தார். சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரு கையேடு போடுகிறார்களாம், அந்த முள்ளெலிப் படம் அட்டைக்கு நன்றாக இருக்குமாம்.

"ஃபைல் அனுப்புங்க மேடம். உங்க பேரையும் போட்டுடறோம்."

"அது போட்டோ இல்லைன்னு நீங்கதானே சார் எழுதிக் குடுத்தீங்க?"

"அது போட்டிக்கு மேடம். இது வேற."

எல்லாமே அவருக்கு வேறுதான். போனை வைத்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு விதிமுறையில் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள். பனோரமா அனுமதிக்கப்படும், மற்ற கணினி வேலைகள் அனுமதிக்கப்படமாட்டா. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டு நான்கு பக்கம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வந்தது. பதில் வரவில்லை. அதற்கடுத்த ஆண்டும் எழுதினேன்.